நடுங்கும் கையும் நாட்டின் கடனும்

அருப்புக்கோட்டையின் நெசவுத் தெருக்களில் நடந்து செல்பவர் காதில் தறியின் ஓசை விழாமலிராது. கேட்டுப் பழகியவர்கள் அதை ஓர் அதிசயத்தின் ஓசையென்று எண்ணுவதில்லை. குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளி காலால் மிதிப்பலகையை அழுத்துகிறார்; பாவு மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கிறது; ஒரு கை கயிற்றைச் சுண்டுகிறது; நாடா ஊடையைச் சுமந்துகொண்டு மறுகரைக்குப் பாய்கிறது; மற்றொரு கை அச்சை இழுத்து அடிக்கிறது; அடி விழுமுன்னே அடுத்த கால் அடுத்த மிதியைத் தேடிச் சென்றுவிடுகிறது. நெசவாளியின் மனமோ வேறெங்கோ இருக்கிறது. கூலி நிலுவை, மகளின் கல்யாணம், கண்மாய்க்கு இவ்வருஷமும் தண்ணீர் வராத கவலை, இவற்றில் ஏதோ ஒன்றில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. கைகளும் கால்களும் எஜமானனின் உத்தரவுக்குக் காத்திராமல் தம் வேலையைத் தாமே செய்துகொண்டிருக்கின்றன.

அந்தக் கை ஒரு நாள் நடுங்கத் தொடங்குகிறது. முதலில், மடியில் சும்மா கிடக்கும்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் எதையோ உருட்டுவதுபோல் அசைகின்றன. பிறகு அறுந்த இழையை முடிய நேரமாகிறது. நாளொன்றுக்கு நெய்யும் முழம் குறைகிறது. வீட்டார் "வயதாகிவிட்டது" என்கிறார்கள். அண்டை வீட்டார் "வாதம்" என்கிறார்கள். நூல் கொடுப்பவர் கணக்கைத் தீர்த்துக்கொள்ளச் சொல்லுகிறார். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டிலே பருத்தி எடுக்கும் கைக்கும், சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் கைக்கும் இதே கதிதான் நேருகிறது. விதியென்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிற இம்மனிதர்களில் பலருக்கு மருந்து உண்டு என்பதையும், அம்மருந்தின் மூலப்பொருளை ஒரு நாட்டுக் கொடியின் விதையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் சென்னையில் இருந்தார்கள் என்பதையும், மூளைக்குள் ஊசி செலுத்தி நடுக்கத்தை நிறுத்தும் வித்தையைச் சென்னைச் சர்க்கார் ஆஸ்பத்திரியிலே ஏழைகளுக்குச் செய்துகாட்டிய தமிழ்ப் பெண்மணி ஒருவர் இருந்தார் என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்? தேசத் தலைவர்களின் பெயரை மனப்பாடமாய்ச் சொல்லும் நம் இளைஞர்களைக் கேட்டுப் பார்த்தால் டாக்டர் டி. எஸ். கனகா என்ற பெயரை நூற்றில் ஒருவர் சொல்வாரா என்பது சந்தேகமே.

திருச்சுழி என்றதும், அங்கே 1879-ல் பிறந்த ரமண மகரிஷியின் நினைவு நேயர்களுக்கு வரும். 1896-ல் மதுரையில், பதினாறு வயதுப் பாலகராயிருந்தபோது, அவர் தம் தேகத்தைப் பிணம்போல் விறைக்கச் செய்து படுத்துக்கொண்டு, இவ்வுடல் இறந்தால் இறப்பது யார் என்று தம்மைத் தாமே வினவினார் என்பது யாவரும் அறிந்த வரலாறு. அவர் விசாரித்தது வேதாந்தம். நாம் இங்கே விசாரிப்பது அதற்குப் பல படி கீழே நிற்கும் கேள்வி: அந்தப் பாலகர் விறைக்க நினைத்தபோது கைகால்கள் விறைத்தனவே, அவ்வுத்தரவு எந்த வழியாகச் சென்றது? இந்தச் சிறிய கேள்விக்கு விடை தேடி உலகத்து அறிஞர்கள் இருநூறு வருஷங்களுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். இன்னும் முழு விடை கிடைத்தபாடில்லை.

இத்தாலியைச் சேர்ந்த கால்வானி என்பவர் செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டதும் துடிப்பதைக் கண்டு 1791-ல் எழுதி வெளியிட்டார். நரம்பில் ஓடுவது ஆவியோ காற்றோ அன்று, மின்சாரம் என்று அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது. 1870-ல் பெர்லினில் பிரிட்ச், ஹிட்ஸிக் என்ற இரு வைத்தியர்கள் நாயின் பெருமூளையின் மேற்பரப்பில் ஓரிடத்தை மின்சாரத்தால் தொட்டார்கள். எதிர்ப்புறத்துக் கால் அசைந்தது. இடத்தைச் சற்று மாற்றினார்கள், முகம் அசைந்தது. அதன் பின் கனடாவிலுள்ள மான்ட்ரியலில் பென்பீல்டு என்ற பேராசிரியர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையையே தொட்டுப் பார்த்து, கைக்கு இவ்விடம், காலுக்கு இவ்விடம், நாவுக்கு இவ்விடம் என்று 1937-ல் ஒரு பூகோளப் படமே வரைந்துவிட்டார். அப்படத்தில் கைவிரல்களுக்கும் உதடுகளுக்கும் கிடைத்திருக்கும் நிலப்பரப்பு, முதுகு முழுவதற்கும் கிடைத்திருப்பதைவிட மிகப் பெரிது. முதுகால் செய்யும் வேலை கொஞ்சம்; விரல்களால் செய்யும் வேலையோ அளவற்றது. மூளையும் அதற்கேற்பவே தன் நிலத்தைப் பங்கிட்டிருக்கிறது.

ஆனால் உத்தரவு போடுவது மட்டும் போதுமா? கண்ணால் கண்டதற்கு ஏற்பக் கையை அசைக்க ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். பாய்ந்துவரும் நாடாவைக் கண்டு, பிறகு யோசித்து, பிறகு கையை அசைப்பதென்றால் தறி ஓடாது. ஆகையால் மூளை, வரப்போவதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. இக்கணக்கில் பெரும்பகுதி பிடரிப் பக்கத்தில் உள்ள சிறுமூளையில் நடைபெறுகிறது. மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி வரை இச்சிறுமூளையிலேயே இருக்கின்றன என்று அணுக்களை எண்ணிப் பார்த்தவர்கள் 2009-ல் அறிவித்தார்கள். பெயர்தான் சிறுமூளை! சிறுவயதில் அப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றப் பழகிய பையனின் கை, பத்து வருஷத்தில் தானே ஓடும் கையாக மாறுவது இவ்வணுக்கள் ஒவ்வொரு தவறிலிருந்தும் கற்றுக்கொள்வதால்தான்.

மூன்றாவதாக ஓர் இலாகா உண்டு. பெருமூளையின் ஆழத்தில், அடித்தளத்தில், சில நரம்புத் திரள்கள் இருக்கின்றன. எந்த அசைவைத் தொடங்குவது, எதை அடக்கி வைப்பது என்று தீர்மானிக்கும் வாயில்காப்போன் உத்தியோகம் இவற்றினுடையது. இவ்விலாகாவுக்கு டோபமின் என்ற ரசம் ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். அதைச் சுரக்கும் அணுக்கள் நடுமூளையில் கறுத்த நிறமுடைய சிறு பகுதியில் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறையப் பாதி அழிந்த பிறகே வெளியே நோய் தெரிகிறது. லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் வர்ணித்த நடுக்குவாதம் இதுவே. கை நடுங்குவது இந்நோயின் ஒரு முகந்தான். அசைவு மந்தமாகிறது, நடையில் கால் தரையைத் தேய்க்கிறது, கையெழுத்து வர வரச் சிறுக்கிறது, முகம் மரத்தால் செய்ததுபோல் ஆகிறது. அறிவோ பெரும்பாலும் நெடுங்காலம் தெளிவாகவே இருக்கிறது. அதனாலேயே வேதனை அதிகம்.

இந்த டோபமின் கதையில் இந்தியாவுக்குள்ள பங்கை நாம் சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறோம்; ஏனெனில் மேனாட்டுப் புத்தகங்களில் அது அடிக்குறிப்பாகவே கிடக்கிறது. சர்ப்பகந்தி என்ற மூலிகையை 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், சித்தப் பிரமைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் நல்ல மருந்தென்று எழுதினார்கள். இருபது வருஷத்துக்குப் பின் அதிலிருந்து பிரித்தெடுத்த ரெஸர்பின் என்ற சத்தை ஸ்வீடன் தேசத்துக் கார்ல்ஸன் முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் கல்லாய்ச் சமைந்து அசைவற்றுக் கிடந்தன. பிறகு டோபா என்ற பொருளை அவற்றின் ரத்தத்தில் ஏற்றினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து ஓடின. 1957-ல் நடந்த இப்பரிசோதனையே நடுக்குவாதத்தின் மர்மத்தை உடைத்தது. கார்ல்ஸனுக்கு 2000-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

அந்த டோபாவை அதற்கு இருபது வருஷம் முன்னதாகவே, 1937-ல், சென்னைச் சர்வகலாசாலையின் உயிர் ரசாயன ஆராய்ச்சிசாலையில் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து, இங்கிலாந்தின் விஞ்ஞானப் பத்திரிகையொன்றில் வெளியிட்டார்கள். பூனைக்காலி எது என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலியிலும் புதரிலும் படர்ந்து, காயின் சுணை மேலே பட்டால் சொறிந்து மாளாது செய்யும் கொடி. நாட்டு மருந்துக் கடைகளில் அதன் விதை இன்றும் விற்கிறது. டோபாவை முதன்முதலில் பிரித்தவர்கள் அவ்விருவர் என்று நாம் சொல்லவில்லை. 1913-லேயே ஐரோப்பாவில் ஒருவகை மொச்சையிலிருந்து அதை எடுத்திருந்தார்கள். ஆனால் நம் வேலிக் கொடியில் அது மிகுதியாய் இருப்பதை அறிவித்தவர்கள் சென்னைக்காரர்களே. அன்று அதன் பயன் யாருக்கும் தெரியாது. 1961-ல் வியன்னாவிலும், 1967-ல் நியூயார்க்கில் கோட்ஸியாஸ் என்பவராலும் அது நடுக்குவாத நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட பின்னரே, படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்த செய்தி உலகெங்கும் பரவியது. கையில் திறவுகோலை வைத்திருந்தோம், கதவு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போயிற்று. அடிமை நாட்டு ஆராய்ச்சிசாலைக்குப் பக்கத்தில் மூளையை ஆராயும் ஆஸ்பத்திரி ஒன்று அன்று இருந்திருந்தால் கதை வேறாயிருக்கலாமே என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வந்தது, ஆனால் சுயராஜ்யம் வந்த பிறகுதான் வந்தது. 1949-ல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி, மான்ட்ரியலில் பென்பீல்டிடம் பயின்று திரும்பி, மூளை நரம்பு ரணசிகிச்சைக்கென இந்நாட்டின் முதல் பிரிவைத் தொடங்கினார். மறு வருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். சீர்காழியில் 1922-ல் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பியபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. மூளையைத் திறந்தால் மனிதன் பிழைப்பானா என்று ஜனங்கள் அஞ்சிய காலம் அது. 1951-ல் இவ்விருவரும் வேறிருவரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். நான்கு பேர் ஒரு சங்கம்!

ராமமூர்த்தியின் பிரிவில் சேர்ந்தவர்கள் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் டாக்டர் கனகாவும். 1932-ல் பிறந்த தஞ்சாவூர் சந்தானகிருஷ்ண கனகா, சென்னை வைத்தியக் கல்லூரியில் 1954-ல் பட்டம் பெற்றார். பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்றே எண்ணியிருந்த காலத்தில் ரணசிகிச்சையில் மேற்பட்டம் பெறப் போராடி, பெற்றார். 1962-ல் சீனர் படையெடுத்தபோது இந்திய ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து வைத்தியப் பணி புரிந்தார். 1968-ல் மூளை நரம்பு ரணசிகிச்சையில் உயர் பட்டம். இந்தியாவில் அத்துறையில் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. உலகத்திலேயும் அவருக்கு முந்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர் தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம் எது? புகழும் பொருளும் தரக்கூடிய நோயை அவர் தேடவில்லை. பிறக்கும்போதே மூளை சேதமுற்று, கைகால்கள் முறுக்கி, விறைத்து, தன் விருப்பப்படி ஒரு விரலையும் அசைக்க முடியாமல் கிடக்கும் குழந்தைகளை எடுத்துக்கொண்டார். மூளை முடக்குவாதம் என்று இதற்குப் பெயர். அக்குழந்தைகளின் தசையில் பழுதில்லை, எலும்பில் பழுதில்லை. ஆள இருப்பவர் ஆளத் தவறியதால் குடிகள் கலகம் செய்வதுபோல, தசைகள் தாமே இறுகிக்கொள்கின்றன. 1972-ல் கனகா டாக்டர் பட்டத்துக்குச் சமர்ப்பித்த ஆராய்ச்சி, இக்குழந்தைகளுக்கு மூளையின் ஆழத்தில் செய்யும் நுண்ணிய ரணசிகிச்சையைப் பற்றியது. இரண்டு வருஷத்துக்குப் பின் அவரும் பாலசுப்பிரமணியமும் சகாக்களும் எழுதிய கட்டுரை அமெரிக்காவின் நரம்பு ரணசிகிச்சைப் பத்திரிகையில் வெளிவந்தது.

அந்தச் சிகிச்சை எப்படிப்பட்டது என்பதைச் சற்று விளக்குவோம். மண்டையோட்டில் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். எக்ஸ்ரே படம் பிடித்து, நில அளவைக்காரர் வயலின் எல்லையைக் குறிப்பதுபோல, நீளம் அகலம் ஆழம் ஆகிய மூன்று கணக்குகளால் மூளைக்குள் ஒரு புள்ளியைக் குறிக்கிறார்கள். ஓட்டில் சிறு துளையிட்டு மெல்லிய ஊசி ஒன்றை அப்புள்ளி வரை இறக்கி, பட்டாணி அளவுள்ள இடத்தை அழித்துவிடுகிறார்கள். மனிதருக்கு இம்முறையில் முதன்முதலில் செய்தவர்கள் அமெரிக்காவின் ஸ்பீகல், வைஸிஸ் என்ற இருவர், ஆண்டு 1947. மூளையின் ஒரு பகுதியை அழித்தால் இழந்த அசைவு திரும்புவதாவது என்று நேயர்கள் வியக்கலாம். தவறான சேதியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும் தந்திக் கம்பியை அறுத்துவிட்டால் மற்றச் சேதிகள் ஒழுங்காய்ப் போகின்றன அல்லவா? அதைப் போன்றதே இது. இவ்வுண்மையும் ஒரு விபத்தினால் வலுப்பட்டது. 1952-ல் நியூயார்க்கில் கூப்பர் என்பவர் நடுக்குவாத நோயாளி ஒருவருக்கு ரணசிகிச்சை செய்கையில் ரத்தக்குழாய் ஒன்று கிழிந்துவிட்டது. அதைக் கட்டிவிட்டு, நினைத்ததைச் செய்யாமலே நிறுத்திக்கொண்டார். நோயாளி கண் விழித்தபோது நடுக்கம் போயிருந்தது!

பெரியவர்களின் நடுக்கத்துக்கு இதைச் செய்யும்போது நோயாளி விழித்தே இருப்பார். "கையைத் தூக்குங்கள்" என்பார் வைத்தியர். நடுங்கும் கை எழும். ஊசி உரிய இடத்தை எட்டியதும், பல வருஷமாய் நில்லாத கை, கண்ணெதிரே நின்றுவிடும். சென்னை ஆஸ்பத்திரியில் இதைச் செய்துகொண்டவர்கள் ராஜாக்களும் லட்சாதிபதிகளும் அல்லர். கிராமங்களிலிருந்து ரயிலேறி வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்து, முறை வந்ததும் உள்ளே போன ஏழைகளே. மூளையின் எந்தப் புள்ளி எந்த அசைவை ஆளுகிறது என்ற அறிவில் ஒரு பங்கு அவர்களுடைய தலையிலிருந்து கற்றது. இதை நாம் மறக்கலாகாது.

புகழ்வதோடு நில்லாமல் குறையையும் சொல்லுவது பத்திரிகையின் கடமை. அதே குழுவினர், அடங்காத மூர்க்கமும் ஓயாத சஞ்சலமும் உடையவர்களை மூளை ரணசிகிச்சையால் அமைதிப்படுத்தும் முறையையும் கையாண்டு, 1969, 1970-ஆம் ஆண்டுகளில் அதைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை செய்துகொண்டவர்களில் குழந்தைகளும் உண்டு. அக்காலத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இவ்வாறே செய்தார்கள் என்பது உண்மை. மூர்க்கம் கொண்டவரைச் சங்கிலியில் கட்டிவைப்பதைத் தவிர வேறு வழியறியாத குடும்பங்கள் இருந்ததும் உண்மை. எனினும், நடுங்கும் கையை நிறுத்துவது வேறு, ஒரு மனிதனின் சுபாவத்தை அவன் சம்மதமின்றி மாற்றுவது வேறு. இரண்டாவதை இன்று உலகம் ஒப்புவதில்லை, நாமும் ஒப்பவில்லை. குழந்தைகளின் முடக்குவாதத்துக்கும் மூளையில் புண் செய்யும் முறை இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டு, தசையை இளக்கும் மருந்துகளும் இடைவிடாத பயிற்சியும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

அழித்த இடம் மறுபடி முளைக்காது என்பதே பழைய முறையின் பெருங்குறை. கனகா அதை அறிந்திருந்தார் என்பதற்கு அவருடைய அடுத்த அடியே சாட்சி. மூளைக்குள் மெல்லிய மின்கம்பியை வைத்து, அழிக்காமல், மின்துடிப்பினால் மட்டும் தூண்டும் முறையை 1975-லேயே அவர் செய்து பார்த்தார். மூளையில் மின்கம்பியை நிலையாகப் பதித்த முதல் இந்திய நிபுணர் அவரென்று சொல்லப்படுகிறது. பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிளில் பெனபிட் என்பவர் நடுக்கத்துக்கு இம்முறையைக் கையாண்டு உலகப் புகழ் பெற்றது 1987-ல். இன்று இதற்கான கருவி, கழுத்தெலும்பின் கீழ் தோலுக்கடியில் தீப்பெட்டியளவு பெட்டியாக வைக்கப்படுகிறது, வேண்டாவிட்டால் நிறுத்திவிடலாம். விலைதான் பல லட்சம் ரூபாய்.

1990-ல் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்பும் அவர் ஓயவில்லை. பெற்றோரின் பெயரால் தர்ம ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தி, குரோம்பேட்டையில் முதியோர்களுக்கு இலவச வைத்தியம் செய்துவந்தார். 2004-க்குள் 139 முறை தம் ரத்தத்தைத் தானம் செய்திருந்தார் என்று சாதனைப் புத்தகம் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. 2018 நவம்பரில், 86-வது வயதில், காலமானார். ராமமூர்த்தி 2003-லேயே மறைந்துவிட்டார்.

இனி அருப்புக்கோட்டைக்குத் திரும்புவோம். குண்டாற்றங்கரைக் கிராமத்து நெசவாளிக்கோ விவசாயிக்கோ இவ்வளவு ஆராய்ச்சியால் விளைந்த பலன் என்ன? சில காரியங்கள் நடந்திருக்கின்றன. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. 2022 ஜனவரியில் விருதுநகரில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. பிரசவங்கள் இன்று பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளில் நடைபெறுகின்றன. கனகா தம் ஆயுளைச் செலவிட்ட அந்த முடக்குவாதம், பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறாமலும், பிறந்த சில நாளில் வரும் கடும் மஞ்சள் காமாலை மூளையில் ஏறாமலும் பார்த்துக்கொண்டால் எத்தனையோ குழந்தைகளுக்கு வராமலே போய்விடும். காமாலைக்கு நீல ஒளியில் குழந்தையைக் கிடத்துவதே சிகிச்சை. இதற்கு மூளை நிபுணர் வேண்டாம். விளக்கு எரிய மின்சாரமும், உரிய நேரத்தில் குழந்தையின் கண்ணையும் தோலையும் பார்க்க ஒரு நர்ஸும் வேண்டும்.

நடுக்கத்தின் விஷயத்திலோ இருள் நீங்கவில்லை. நடுக்கமெல்லாம் ஒரே நோயன்று. சும்மா கிடக்கும் கை நடுங்கி, வேலை செய்யும்போது நடுக்கம் குறைந்தால் அது பெரும்பாலும் நடுக்குவாதம். சும்மா கிடக்கையில் அமைதியாயிருந்து, டம்ளரை எடுக்கும்போதோ இழையை முடியும்போதோ நடுங்கினால் அது வேறு; குடும்பத்தில் வழிவழியாய் வருவது; அதற்கு மலிவான மாத்திரைகள் இருக்கின்றன. மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும், வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் சில மருந்துகளாலும் நடுக்கமும் விறைப்பும் உண்டாவதுண்டு. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் நீங்கிவிடும். தைராய்டுச் சுரப்பி மிகுந்தாலும் கை நடுங்கும். இவற்றைப் பிரித்தறிய வைத்தியர் ஒருவருக்குக் கால்மணி நேரம் போதும். விலையுயர்ந்த யந்திரம் ஒன்றும் தேவையில்லை. பருத்திக் காட்டில் மருந்து தெளிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் ரோட்டினோன் என்ற பூச்சிமருந்துக்கும் நடுக்குவாதத்துக்கும் சம்பந்தம் உண்டென்று 2011-ல் அமெரிக்காவில் விவசாயத் தொழிலினரிடையே நடந்த ஆராய்ச்சி கூறியது. கையுறையும் முகமூடியும் இன்றி மருந்து கலக்கும் வழக்கத்தை விடுவதற்கு இதுவே போதிய காரணம்.

பூனைக்காலி விதையை இடித்துத் தின்றால் போதாதா என்று சிலர் கேட்கலாம். 2004-ல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு அவ்விதைப் பொடியைக் கொடுத்துப் பார்த்தபோது மாத்திரையைப்போலவே, சற்று விரைவாகவே, வேலை செய்தது உண்மை. ஆனால் விதைக்கு விதை சத்து மாறும். அளவு மிஞ்சினால் வாந்தியும் மயக்கமும் சித்தக் குழப்பமும் வரும். மாத்திரை தின்பவர் பொடியும் சேர்த்துத் தின்றால் ஆபத்து. நம் கொடி என்ற அபிமானம் வேறு, நோயாளியின் உயிர் வேறு.

இவ்விஷயத்தில் சர்க்காரைக் கேட்க வேண்டியது பெரிய காரியமன்று. 2021 முதல் நமது ராஜ்யத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் நடைபெற்று வருகிறது. ஊழியர்கள் வீடு வீடாய்ச் சென்று ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொடுக்கிறார்கள். முடங்கிக் கிடப்பவர்களுக்கு அங்கப் பயிற்சியும் அளிக்கிறார்கள். அவர்கள் செல்லும் வீட்டில், திண்ணையில் அமர்ந்திருக்கும் கிழவரின் கையை ஒரு நிமிஷம் கவனிக்கவும், அவரை எழுந்து பத்தடி நடக்கச் சொல்லவும், ஒரு வரி எழுதச் சொல்லவும் கற்றுக்கொடுத்தால் போதும். சந்தேகப்பட்டவர்களை வாரத்தில் ஒரு நாள் அருப்புக்கோட்டைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்கு, விருதுநகர்க் கல்லூரியிலிருந்தோ மதுரையிலிருந்தோ நரம்பு வைத்தியர் ஒருவர் வந்து போக வேண்டும். மதுரைக்கு ஒரு முறை போய்வர நெசவாளி ஒருவர் இழக்கும் கூலியையும் துணைக்கு வரும் மகனின் கூலியையும் கணக்கிட்டால், வைத்தியர் ஒருவர் வந்து போவதே நாட்டுக்கு மலிவு.

லெவோடோபா மாத்திரை இந்திய சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆஸ்பத்திரிகளில் அது எந்நாளும் கையிருப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாளாய் இல்லை என்பதை அவ்வூர்களில் உள்ள நம் நேயர்கள் நேரில் சென்று விசாரித்து நமக்கு எழுதுவார்களாக.